திண்டுக்கற் சமவெளியில் மிதிவண்டிச் செலவு

ஒரு நாட்டை அறிதற்குப் படமும் துணைசெய்யும், நூலும் துணைசெய்யும். ஆயினும் காலாற் பெற்ற அறிவே நெடுநாள் நெஞ்சில் நிற்பது. கால்நடையாய்ச் செல்வோர் ஒரு பகலிற் காணும் நிலப்பரப்புச் சிறிது. மோட்டாரிற் செல்வோர் கடக்கும் பரப்புப் பெரிதாயினும் அவர் கண்டு உணர்வது சிறிது. இவ்விரண்டிற்கும் இடைநின்று, காலின் உணர்ச்சியைக் கெடுக்காது, அதன் வேகத்தை மட்டும் மும்மடங்கு நான்மடங்கு பெருக்கித் தருவது மிதிவண்டி. முன்னையோர் இதனைத் துவிசக்கர வண்டி என்றனர். ஊரார் சைக்கிள் என்கின்றனர். மலையும் காடும் ஆறும் அடுத்தடுத்து அமைந்த திண்டுக்கல் வட்டாரத்தைச் சைக்கிளின்மேற் சென்று காணுமாறு யாது என்பதையும், அங்ஙனம் காண்பதனால் நாம் அறிவது யாது என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முயல்வோம்.

முதற்கண் நிலத்தின் அமைப்பைக் கருதுவோம். திண்டு போன்ற கல்லினால் ஊர்க்குப் பெயர் அமைந்ததென்பர். அக்கல்லின்மேல் ஏறி நோக்குவார்க்குத் தென்கிழக்கே சிறுமலையும், மேற்கே பழனிமலைத் தொடரும் தோன்றும். சிறுமலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. பழனிமலையோ மேற்குத் தொடர்ச்சி மலையினின்று கிழக்கு நோக்கி நீண்ட கிளை. ஆகவே இந்நாட்டின் இருபெரு மலைத்தொடர்களும் ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்கும் இடைவெளியில் நம் சமவெளி கிடக்கின்றது. சமவெளி என்று சொன்னோமாயினும் அது சமமானது அன்று. பழனிமலையின் கீழ்ச்சரிவிற் பிறக்கும் குடகனாறு வடக்கு நோக்கி ஓடி, அமராவதியிற் கலந்து, அதன் வழியே காவிரியை அடைகின்றது. அதே மலைச்சரிவிற் பிறக்கும் மருதாநதியும் மஞ்சளாறும் தெற்கே சென்று வைகையைச் சேர்கின்றன. ஒரே மேகம் பொழிந்த மழையில் ஒரு பகுதி சோழநாட்டிற்கும் மற்றொரு பகுதி பாண்டிநாட்டிற்கும் பிரிந்து போகின்றது. அப் பிரிவிடம் செம்பட்டிக்குத் தெற்கே வயலுக்கும் தோப்புக்கும் நடுவே அடையாளம் ஏதுமின்றி அமைந்துள்ளது. மோட்டாரில் விரைவார் அதனை அறியார். சைக்கிள் மிதிப்பவனுடைய முழங்கால் அறியும். இதுகாறும் சற்றே கனத்த மிதி, ஓரிடத்தில் தானே இலேசாகிவிடும்.

இனி வண்டியைப் பற்றிச் சில சொல்லுவோம். சைக்கிளைப் போட்டிக்கு மட்டும் உரியதாகக் கருதாமல், நாடு காண்பதற்குரிய கருவியாகப் போற்றியவருள் முதல்வராக எண்ணத்தக்கவர் பிரெஞ்சு நாட்டினரான பால் தெ விவி என்பார். 1853-ஆம் ஆண்டு பிறந்த இவர், சேன்-எத்தியேன் என்னும் தொழில் நகரிற் பட்டு வணிகம் நடத்தியவர். வெலோசியோ என்னும் புனைபெயரால் எழுதி, சைக்கிளுக்கென ஒரு பத்திரிகையும் வெளியிட்டவர். அந்நகரைச் சூழ்ந்த மலைகளிலும் காட்டுவழிகளிலும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் வாரந்தோறும் சென்று வந்த இவர், மேடும் பள்ளமும் நிறைந்த நாட்டில் ஒரே பல்சக்கரம் போதாது, சரிவிற்கேற்ப மாற்றிக்கொள்ளும் பல கியர்கள் வேண்டும் என்று வற்புறுத்தினார். அஃது ஆண்மைக்கு இழுக்கென்று அக்காலத்துப் பந்தயக்காரர் நகைத்தனர். 1903-இல் தோன்றிய பிரெஞ்சு நாட்டுப் பெரும் பந்தயம், செயினை ஒரு சக்கரத்தினின்று மற்றொன்றிற்கு மாற்றும் கருவியை 1937-ஆம் ஆண்டில்தான் அனுமதித்தது. வெலோசியோ அதற்கு ஏழாண்டு முன்னரே, 1930-இல், மறைந்துவிட்டார். பசிக்குமுன் உண்க, விடாய்க்குமுன் பருகுக, களைப்புமுன் இளைப்பாறுக, வீம்பிற்காக மிதியற்க என்னும் கருத்துப்பட அவர் வகுத்த விதிகள் இன்றும் சைக்கிட் செலவினர்க்கு நல்வழி காட்டுகின்றன.

மலைச் சைக்கிள் எனத் தனியே ஓர் இனம் தோன்றியது இதற்கு மிகவும் பிற்பட்ட காலத்தில். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், டமால்பைஸ் மலையை அடுத்து வாழ்ந்த இளைஞர் சிலர், 1970-களில், பருத்த டயர் கொண்ட பழைய வண்டிகளைப் பொறுக்கியெடுத்து மண்பாதைகளில் இறக்கி விளையாடினர். அவ்வண்டிகளின் பிரேக்குப் பின்சக்கரக் குடத்திற்குள் இருந்தது. ஒருமுறை இறங்கியதும் அதிலுள்ள கிரீஸ் சூட்டினாற் புகைந்து போக, மீண்டும் அடைக்க வேண்டியிருந்தது. மீண்டும் அடைத்தல் என்று பொருள்படும் சொல்லே அப்பாதைக்கும் பெயராயிற்று. 1977-இல் இத்தகைய செலவிற்கெனவே சட்டம் அமைத்தவர் ஜோ பிரீஸ். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இஃது ஒரு போட்டியாகவும் இடம்பெற்றது. பருத்த டயர், வலிய சட்டம், பல கியர், உறுதியான பிரேக்கு என்னும் நான்குமே மலைச் சைக்கிளின் இலக்கணம் எனலாம்.

கியர் செய்யும் உதவி யாதென்பதை ஒரு கணக்கினால் விளக்குவோம். நம் ஊர்களில் நெடுங்காலமாக வழங்கும் சாதாரண வண்டி ஒன்றில் முன்பல்சக்கரத்தில் 44 பற்களும் பின்னதில் 18 பற்களும் உள்ளனவென்று கொள்வோம். மிதியை ஒருமுறை சுற்றினால் அது ஏறத்தாழ 5.4 மீட்டர் செல்லும். மலைச் சைக்கிளில் முன்னே 22, பின்னே 34 எனப் பற்களை அமைத்துக்கொண்டால், ஒரு சுற்றிற்கு அது செல்வது ஏறத்தாழ 1.3 மீட்டரே. தூரம் நான்கில் ஒன்றாகக் குறைய, மிதிக்க வேண்டிய வலிமையும் அவ்வாறே குறைகின்றது. உடல்நலம் வாய்ந்த இளைஞர் ஒருவர் நெடுநேரம் தளராது செலுத்தக்கூடிய ஆற்றல் 100 வாட் அளவினது. ஆளும் வண்டியுமாக 80 கிலோகிராம் எனக் கொண்டால், 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சரிவில் அவ்வாற்றலைக்கொண்டு மணிக்கு 7 கிலோமீட்டருக்குச் சற்றே மிகையாகச் செல்லலாம். சாதாரண வண்டியில் அவ்வேகத்திற்கு நிமிடத்திற்கு 24 சுற்றுக்கும் குறைவாகவே மிதி சுழலும். ஒவ்வொரு சுற்றும் உடலின் முழுப்பாரத்தையும் வேண்டும். கியர் உள்ள வண்டியிலோ, காலுக்கு இயல்பான 60 சுற்றுக்கு மேலும் சுழற்றிக்கொண்டு அதே வேகத்தில் ஏறலாம். கியர் நமக்குப் புதிய ஆற்றலைத் தருவதில்லை. உள்ள ஆற்றலைக் கால் தாங்கும் அளவிற் பங்கிட்டுத் தருகின்றது.

மற்றொரு கணக்கும் ஈண்டுக் கூறத்தக்கது. 80 கிலோகிராம் பாரத்தை 100 மீட்டர் உயர்த்துதற்கு வேண்டும் வேலை ஏறத்தாழ 78,400 ஜூல். 100 வாட் ஆற்றலுக்கு அது 13 நிமிட வேலை. நம் உடலோ உண்ட உணவின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கையே மிதிக்கு அளிக்கவல்லது. ஆகவே 100 மீட்டர் ஏறுதற்கு 75 கிலோ கலோரி உணவு வேண்டும். ஒரு சிறிய மலைவாழைப்பழம் ஏறக்குறைய இதனை ஈடுசெய்யும். புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைப்பழத்தை அம்மலை ஏறுதற்கே கைம்முதலாகக் கொண்டு செல்வது எத்துணைப் பொருத்தம்!

செலவைத் தொடங்குவோர் முதலிற் சமவெளியிற் பழகுதல் நன்று. நகரினின்றும் தெற்கே 10 கிலோமீட்டர் அளவிற் சென்றாற் சின்னாளபட்டி. நெசவும் சாயமும் அவ்வூரின் உயிர். அதனை அடுத்து, 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமம் உள்ளது. அங்கிருந்து மேற்கே திரும்பிச் சிற்றூர்ச் சாலைகளின் வழியே ஆத்தூரை அடையலாம். தென்னந்தோப்புகளுக்கிடையே பாதை மெல்ல உயர்ந்து செல்ல, மலை அண்மையில் வந்து நிற்கும். அதன் அடியில் நீர் தேங்கிக் கிடப்பது காமராசர் சாகரம். திண்டுக்கல் நகர்க்குக் குடிநீர் உதவும் மூலங்களுள் இதுவும் ஒன்று. நாள்தோறும் குழாயைத் திறந்து நீர் பிடிக்கும் நாம், அந்நீர் வந்த வழியை எதிர்த்துச் சென்று அதன் பிறப்பிடத்தைக் காணும்போது, மழைக்கும் குழாய்க்கும் இடையே உள்ள உறவு விளங்கும். மலையிற் காடு நின்றால் மழைநீர் மெல்ல இறங்கும். காடு அழிந்தால் ஒரே நாளிற் பாய்ந்து மண்ணைக் கொண்டுவந்து நீர்த்தேக்கத்தை மேடாக்கும். இதனைப் பாடநூலிற் படித்தார் பலர். அணைக்கரையில் நின்று கண்டார் சிலர்.

அதே குடகனாற்றை நீரோட்டத்தின் வழியே வடக்கு நோக்கிப் பின்தொடர்வது மற்றொரு நாட் செலவு. திண்டுக்கல்லை ஒட்டிக் கடந்து, வேடசந்தூர் வட்டாரத்திற் புகையிலை விளையும் புலங்களின் நடுவே சென்று, அழகாபுரி அணையைக் காணலாம். இவ்வழியில் இன்பமானவற்றை மட்டுமே காண்போம் என்று எண்ணற்க. தோல் பதனிடுதல் நம் நகரின் பழந்தொழில். பலர்க்குச் சோறிட்ட அத்தொழிலின் கழிவுநீர், நிலத்தடி நீரையும் விளைநிலத்தையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் அமைப்பொன்று தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தோற்கழிவினாற் கெட்ட ஐந்து மாவட்டங்களுள் திண்டுக்கல்லும் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. மாசு செய்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியென நிலைநாட்டப்பட்டது அத்தீர்ப்பினால்தான். ஆற்றின் தலைப்பகுதியை ஒரு நாளும் கீழ்ப்பகுதியை மறுநாளும் கண்ட மாணாக்கனுக்கு இத்தீர்ப்பின் பொருள் எளிதில் விளங்கும்.

சமவெளிச் செலவிற்கு இடையூறு மூன்று: முள், காற்று, வெயில். கருவேலும் சீமைக்கருவேலும் உதிர்த்த முள்ளும், தரையிற் படர்ந்த நெருஞ்சியும் டியூபைத் துளைப்பதில் வல்லன. மாற்று டியூப் ஒன்றும், பஞ்சர் ஒட்டும் பொருள்களும், கைப்பம்பும் இன்றிக் கண்மாய்க்கரைப் பாதையிற் செல்லுதல் தகாது. அங்கே கடையும் இல்லை, ஆளும் இல்லை. காற்றோ ஆடி மாதத்தில் மேற்கினின்றும் வலிந்து வீசும். காற்றின் தடை வேகத்தின் இருமடியாய்ப் பெருகுமாதலின், எதிர்காற்றில் விரைதல் வீண் முயற்சி. காலையில் மேற்கு நோக்கிச் சென்று, மாலையிற் காற்றை முதுகில் வாங்கித் திரும்புவதே அறிவுடைமை. வெயிலை வெல்லும் வழி ஒன்றே: விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் நிழல் சேர்தல். மழை பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையிற் பெய்வதாதலின், மார்கழி தை மாதங்களிற் கண்மாய்கள் நிறைந்தும் காற்றுத் தணிந்தும் இருக்கும். சைக்கிளுக்கு அதுவே ஏற்ற பருவம்.

காலும் வண்டியும் பழகியபின் சிறுமலை ஏறலாம். நகரினின்றும் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மலைப்பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் முட்புதர், அதற்கு மேலே கோடையில் இலை உதிர்க்கும் காடு, இன்னும் ஏறினால் ஈரமும் பசுமையும் மிக்க தோட்டங்கள். வாழை, காபி, மிளகு, எலுமிச்சை, பலா ஆகியவை அங்கே விளைகின்றன. வண்டி செல்லாத் தோட்டங்களினின்றும் விளைபொருளைக் குதிரைகளின் முதுகில் ஏற்றிவரும் வழக்கம் இம்மலைக்கு உரியது. வளைவுக்கு வளைவு காற்றுக் குளிர்வதையும், மரம் மாறுவதையும், மண்ணின் மணம் வேறாவதையும் மிதிப்பவன் தன் மூச்சினாலேயே அளந்தறிகின்றான். ஊசி வளைவுகளின் உட்புறம் செங்குத்தானது. வெளிப்புறம் சற்றே தாழ்ந்தது. எதிரே வண்டி இல்லையென்று உறுதியாகக் கண்டாலன்றித் தன் இடப்பக்கம் விட்டு விலகுதல் கூடாது.

ஏறுதலினும் இறங்குதல் அபாயமானது. ஏறும்போது நாம் ஈட்டிய ஆற்றல் முழுவதும் இறங்கும்போது வெளிப்பட்டே தீரும். காற்றுத் தடையாற் கழிவது போக எஞ்சியதைப் பிரேக்கே வெப்பமாக்கிப் போக்குதல் வேண்டும். 400 மீட்டர் இறக்கத்தில் விடுபடும் ஆற்றல் ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதிய அளவினது. பிரேக்கை இடைவிடாது தேய்த்துக்கொண்டே வந்தால் ரிம் காய்ந்து, டியூப் வெடித்தலும் கூடும். வளைவிற்கு முன்னர் நேர்வழியிலேயே இரு பிரேக்குகளையும் ஒருங்கே அழுத்தி வேகத்தைக் குறைத்து, பின்னர் விட்டு, சூடு ஆற இடங்கொடுத்தல் வேண்டும். பிரேக்குக் கட்டை தேய்ந்த வண்டியோடு மலைக்குச் செல்லுதல் ஒருபோதும் கூடாது. தலைக்கவசத்தை மறவாமையும் இதனொடு சேர்த்து எண்ணத்தக்கது.

மலைச் சைக்கிள் என்றவுடன், காட்டிற்குள் நினைத்தவாறு புகுந்து செல்லலாமென்று சிலர் கருதுவர். அது தவறு. காப்புக்காட்டிற்குள் அனுமதியின்றிப் புகுதல், 1882-ஆம் ஆண்டு முதல் இம்மாநிலத்தில் வழங்கிவரும் வனச்சட்டத்தின்படி குற்றமாகும். சட்டம் மட்டுமன்று, காட்டுமாடுகள் உலவும் சரிவுகளில் ஓசையின்றி விரைந்து வரும் சைக்கிள் அவற்றை வெருட்டும், வெருண்ட விலங்கு பாயும். நத்தம், வேடசந்தூர் பக்கத்துக் காடுகளில் தேவாங்கு வாழ்கின்றது. இரவில் இரைதேடும் அச்சிற்றுயிர்க்கென, திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பினைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டரசு அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதற் சரணாலயம் இதுவே. ஆகவே நம் வட்டாரத்திற் பருத்த டயருக்கு உரிய இடங்கள் காட்டின் உட்புறம் அல்ல; ஊரையும் ஊரையும் இணைக்கும் வண்டிப்பாதைகளும், கண்மாய்க்கரைகளும், ஆற்றோரத் தடங்களுமே. அவை மக்களுடைய பொதுவழிகள். நடப்பார் இன்றேல் முள் மூடும். மூடியபின் வழியே இல்லையென்பர். அவற்றைப் புழங்குதல் அவற்றைக் காத்தலே ஆகும்.

இவ்வட்டாரத்தில் 1835-ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷன் தன் ஊழியத்தைத் தொடங்கியபோது, ஊழியர் குதிரைமேலும் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராய்ச் சென்றனர். 1845-இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியவர்களும் மலையடிவாரத்தினின்று குதிரைத் தடத்தின் வழியே ஏறினவர்களே. அவர்கள் எழுதி வைத்த குறிப்புகளில் ஆறும் மலையும் ஊரும் உயிர்ப்புடன் விளங்குவதற்கு அவர்கள் சென்ற வேகமும் ஒரு காரணமென்று கருதுகின்றோம்.

சைக்கிள் வெறும் விளையாட்டுப் பொருளன்று என்பதற்கு நம் மாநிலத்து மாவட்டம் ஒன்றே சான்று. 1990-களின் தொடக்கத்திற் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. கல் உடைக்கும் பெண்களும், வயலில் வேலை செய்வோரும், ஆசிரியைகளும், செவிலியரும் ஆயிரக்கணக்கில் மிதிக்கக் கற்றனர். நீர் கொணரவும், விளைபொருளை விற்கவும், பேருந்திற்காகவும் பிறர் தயவிற்காகவும் காத்திராமற் சென்றுவரவும் அஃது அவர்களுக்குச் சிறகாயிற்று. 2001-ஆம் ஆண்டிற் குறிப்பிட்ட வகுப்பு மாணவியர்க்கெனத் தொடங்கிய அரசின் விலையில்லாச் சைக்கிள் திட்டமும் பின்னர் மாணவர் மாணவியர் பலர்க்கும் விரிந்தது.

ஆயினும் பள்ளியில் அச்சைக்கிளைப் பெற்ற நம் மாணாக்கர் பலர், கல்லூரியிற் கால்வைத்ததும் அதனைத் திண்ணையிற் சாய்த்துவிட்டு, கடன்பட்டேனும் மோட்டார் சைக்கிள் வாங்க விழைகின்றனர். சாய்த்து வைத்த வண்டி துருப்பிடிக்கின்றது. சென்று காணாத ஊரும் நம் அறிவினின்று மறைகின்றது. தன் குடிநீர் வரும் வழியை அறியாதவன் அது கெடும்போதும் அறியான். கண்மாய்க்கரையில் ஒருநாளும் சென்றிராதவன் அது தூர்ந்ததென்று கேட்டாலும் கவலான். இம்மாவட்டத்தின் வருங்கால ஆசிரியரும் அலுவலரும் வழக்கறிஞரும் பொறியாளரும் நம் வகுப்பறைகளினின்றே செல்லவிருக்கின்றனராதலின், இஃது ஒருவருடைய பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சன்று.

விலையுயர்ந்த மலைச் சைக்கிள் வேண்டுமென்று யாம் கூறவில்லை. சமவெளிக்கு அரசு தந்த சைக்கிளே போதும். மலைக்கு மட்டுமே கியரும் நல்ல பிரேக்கும் வேண்டும். செயினுக்கு எண்ணெய் இட்டு, டயருக்குக் காற்றடித்து, நீரும் நான்கு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு, நண்பர் இருவரை உடன்கூட்டி, ஒரு சனிக்கிழமை விடியலில் ஆத்தூர் நோக்கிப் புறப்படுக. கொண்டுசென்ற பிளாஸ்டிக்கு எதனையும் அங்கே விட்டு வாரற்க. திரும்பி வந்தபின், குடகனாறு எங்கே பிறக்கின்றது என்று கேட்பார்க்குப் படத்தைத் தேடாமலே விடை கூறுவீர்கள்.